மூணு வயசுல ட்யூஷன், பதினாலு வயசுல சாரணர்: வரிசையே தலைகீழ்

இழை கொஞ்சம் நீளம். வில்லியனூர், பாகூர் கொம்யூன் பக்கம் மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை பிள்ளை வைத்திருக்கும் இளம் அப்பா அம்மாக்களுக்காக எழுதுகிறேன். திட்டுவேன். கோபப்படாம கடைசி வரை படிங்க.

பள்ளி திறக்கும் நேரத்தில் மருத்துவச் சான்றிதழில் கையெழுத்து வாங்க ஒரு கூட்டம் வரும். அதில் ஒன்பதாம் வகுப்புப் பையனுடைய அப்பா ஒருத்தர் கட்டாயம் இருப்பார். "டாக்டர், சாரணர்ல சேர்த்தா சர்டிபிகேட் கிடைக்குமாம். ரயில்வேல கோட்டா இருக்காமே, அதான் சேர்க்கறேன்." கோட்டா இருக்கு, உண்மைதான். ஆனா அதே மனுஷனோட இரண்டாவது குழந்தை, நாலு வயசு, பக்கத்துல உட்கார்ந்து செல்போன் பார்த்துட்டு இருக்கும். இதை எதுல சேர்த்திருக்கீங்கன்னு கேட்டா எல்.கே.ஜி., சாயங்காலம் ட்யூஷன்.

நாலு வயசுக்கு ட்யூஷன். என்ன ட்யூஷன்? "ஏ-வை வளைச்சு எழுத மாட்டேங்குது டாக்டர்."

சாரணர் இயக்கம் ஒன்பதாம் வகுப்பில் தொடங்குவது இல்லைங்க. பாரத சாரண சாரணியர் அமைப்பில் மூன்று வயதிலேயே இடம் உண்டு. மூன்று முதல் ஐந்து வயசுக் குழந்தைகளுக்கான பிரிவுக்கு 'பன்னி' என்று பெயர். (பெயரைக் கேட்டதும் வீட்டுல பாட்டி முகத்தைச் சுளிப்பாங்க. ஆங்கிலத்துல முயல்குட்டின்னு அர்த்தம், வேற ஒண்ணும் இல்ல. யாராவது நல்ல தமிழ்ப் பெயரா வச்சுட்டா புண்ணியமாப் போகும்.) ஐந்து முதல் பத்து வயது வரை ஆண் பிள்ளைகளுக்குக் குருளையர், பெண் பிள்ளைகளுக்கு நீலப்பறவையர். கப், புல்புல் என்று சொன்னால் பள்ளிக்கூடங்களில் உடனே புரியும். பத்து வயசுக்கு மேலதான் நீங்க டிவியில் பார்க்கிற சாரணர், சாரணியர்.

2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் வைர விழாப் பெருந்திரளணி நடந்தப்போ கூடாரம், அணிவகுப்பு, முதலமைச்சர் என்று ஒரு வாரம் செய்தியில் ஓடியது. அதைப் பார்த்துட்டு இதெல்லாம் பெரிய பசங்க சமாச்சாரம்னு முடிவு பண்ணிட்டோம். இந்த இயக்கத்தில் ஒரு குழந்தைக்கு மிக அதிகமாகப் பயன்படக்கூடிய வருஷங்கள் பத்து வயசுக்கு முன்னாடி இருக்கிற வருஷங்கள். ஒரு டாக்டராக என் வாதம் இதுதான். அந்த வருஷங்களைத்தான் நாம ட்யூஷனுக்கும் செல்போனுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துட்டு இருக்கோம்.

ஓ.பி.யில் நான் தினமும் பார்க்கிறதைச் சொல்றேன். ஐந்து வயசுப் பிள்ளையிடம் "எங்கடா வலிக்குது?" என்று கேட்பேன். பதில் அம்மாவிடமிருந்து வரும். "சட்டையைக் கழட்டு கண்ணு" என்பேன். பட்டனை அவிழ்ப்பது ஆயா. எடை பார்க்கும் மெஷின் மேல ஏறச் சொன்னா தாத்தா தூக்கி வைப்பார். பிள்ளைக்கு நோய் ஒண்ணும் இல்லை, சளிதான். ஆனா அந்தப் பத்து நிமிஷத்தில் அது தானாகச் செய்த காரியம் ஒன்றுகூட இருக்காது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வயசுவாரியாக வளர்ச்சிப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது. மூணு வயசில் தொளதொள டவுசர் மாதிரி சில துணிகளைத் தானே போட்டுக்கொள்ளணும். நாலு வயசில் சில பட்டன்களை அவிழ்க்கணும். ஐந்து வயசில் சில பட்டன்களைப் போடணும், ஒத்தைக் காலில் தாவணும், வீட்டில் சின்னச் சின்ன வேலை செய்யணும். அதில் நாலு வயசுக்கு நேராக எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு வரி உண்டு: இந்த வயசுக் குழந்தைக்கு உதவி செய்வது பிடிக்கும். ஆமாங்க, நாலு வயசில் குழந்தை உதவி பண்ண ஆசைப்படுது. தண்ணிச் சொம்பைத் தூக்கிட்டு வரும். நாம "ஐயோ கொட்டிடுவ, வை கீழ" என்று பிடுங்குகிறோம். பத்து வருஷம் கழிச்சு, "ஒரு வேலை சொன்னா செய்ய மாட்டேங்குறான் டாக்டர், கவுன்சிலிங் கொடுங்க" என்று கூட்டிட்டு வருகிறோம்.

(அந்தப் பட்டியலில் உள்ளதை உங்கள் குழந்தை உண்மையிலேயே செய்ய முடியாமல் இருந்தால், பேச்சு வராமல் இருந்தால், அதுக்குச் சாரணர் படை மருந்து இல்லை. முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்க.)

உடனே ஒருத்தர் வருவார். "டாக்டர், இதெல்லாம் பாண்டி டவுன்காரங்களுக்கு. நாங்க கிராமம். எங்க பிள்ளைங்க வயல்ல வரப்புல ஓடியாடி தானா வளருதுங்க."

எந்தப் பிள்ளைங்க? அது உங்க தாத்தா, உங்க அப்பா. கொஞ்சம் நீங்க. உங்க பிள்ளை காலையில் ஏழரைக்கு வேன் ஏறுது. நாலரைக்கு இறங்குது. ஐந்துக்கு ட்யூஷன். ஏழு மணிக்கு ஒரு கையில் தோசை, ஒரு கையில் போன். பாகூர் நம்ம பிரதேசத்தின் நெற்களஞ்சியம் என்று பெருமையாகப் பேசுகிறோம். அங்கே இருந்து வரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நாற்றுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஊசுட்டேரியில் குளிர்காலத்தில் வந்து இறங்கும் பறவைகளை எங்கிருந்தோ வருபவர்கள் கேமராவோடு வந்து பார்க்கிறார்கள். வில்லியனூர்ப் பிள்ளை அதை யூடியூபில்கூடப் பார்த்திருக்காது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு ஒரு கணக்குச் சொன்னது. மூணு, நாலு வயசுக் குழந்தைக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம் உடல் அசைவு வேண்டும். அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாடணும். உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. நம்ம வீட்டில் இந்த இரண்டு எண்ணும் இடம் மாறிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

கண்ணாடி விஷயமும் உண்டு. சீனாவில் குவாங்சோ நகரத்துப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிஷம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. மூணு வருஷத்தில் புதுசாகக் கிட்டப்பார்வை வந்தது வழக்கமான பள்ளிகளில் 39.5 சதவீதம், வெளியே விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். மாத்திரை இல்லை, சொட்டு மருந்து இல்லை. வெறும் வெளிச்சம், மைதானம்.

"அப்போ வெளியே விளையாட விட்டாலே போதுமே, படை எதுக்கு?" நல்ல கேள்வி. விட்டாலே போதும்தான். ஆனா விட மாட்டீங்களே. ஏன் விடறதில்லைன்னு எனக்கும் தெரியும். தெருவில் டிப்பர் ஓடுது. ஏரி இருக்கு, வாய்க்கால் இருக்கு, சங்கராபரணியில் பள்ளம் இருக்கு. உலக அளவில் தண்ணீரில் மூழ்கி இறக்கும் விகிதம் அதிகமாக இருப்பது ஒன்று முதல் நாலு வயசுக் குழந்தைகளிடம்தான். அதற்கு அடுத்தது ஐந்து முதல் ஒன்பது. உங்கள் பயம் நியாயமானது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் தடுப்பு வழிகளில் இரண்டைப் பாருங்க: பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீரை விட்டுத் தள்ளி, பெரியவர் கண் பார்வையில் ஒரு பத்திரமான இடம். பள்ளி வயசு வந்த பிறகு நீச்சலும் தண்ணீரில் எப்படி நடந்துகொள்வது என்ற பழக்கமும். பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வையுங்கன்னு அதில் எங்கேயும் இல்லை. பெரியவர் பார்வையில், வீட்டுக்கு வெளியே, மத்த பிள்ளைகளோட சேர்ந்து: இப்படி ஒரு இடம் வேணும்னா, நான் பார்த்தவரை அதுக்கு ரொம்பப் பக்கத்தில் வருவது ஒரு ஒழுங்கான குருளையர் படைதான்.

அங்க என்ன நடக்கும்? ஒரு படையில் பன்னிரண்டு முதல் இருபத்திநாலு பிள்ளைகள். ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஆறுக்கும் ஒரு பிள்ளையே தலைவர். எட்டு வயசுக் குழந்தை ஐந்து பேரைப் பார்த்துக்கொள்ளும். யார் வந்தா, யார் வரலை, யாருக்கு ஷூ லேஸ் அவிழ்ந்திருக்குன்னு. கற்றுக்கொள்வது எல்லாம் சின்ன விஷயங்கள்: பல், நகம் சுத்தம். கயிற்றில் முடிச்சு. விரலில் வெட்டுப்பட்டால் கழுவிக் கட்டுவது. ஒருத்தர் சொன்ன செய்தியை மாத்தாமல் இன்னொருத்தரிடம் கொண்டுபோய்ச் சொல்வது. தினமும் யாருக்காவது ஒரு நல்ல காரியம். இவர்களுடைய குறிக்கோளே 'உன்னால் முடிந்ததைச் செய்' என்பதுதான். முதல் ரேங்க் எடுன்னு இல்லை பாருங்க.

முடிச்சு போடுறதைக் கேலி பண்ணாதீங்க. பென்சில் பிடிக்கத் திணறும் விரலுக்குக் கயிறு நல்ல பயிற்சி. ஏ-வை வளைக்க ட்யூஷனுக்கு அனுப்புறதை விட மலிவு.

இந்தச் சின்னவர் பிரிவே சின்னவர்கள் கேட்டு வாங்கியதுதான். பேடன் பவல் 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் இருபது பையன்களோடு முதல் முகாம் நடத்தினார். அது பரவியதும் அண்ணன்மார் போவதைப் பார்த்துத் தம்பிகள் "நாங்களும்" என்று பின்னாடியே வந்து நின்றார்கள். 1916-ல் அவர்களுக்குத் தனிப் பிரிவும் தனிப் புத்தகமும் வந்தன. அதற்குக் கிப்ளிங்கின் மோக்லி கதையை எடுத்துக்கொண்டார். அதனால்தான் இன்றைக்கும் குருளையர் தலைவருக்கு அகேலா என்று பெயர். அந்தக் கதை நடப்பது மத்தியப் பிரதேசத்தின் சியோனி காட்டில். நம்ம ஓநாய் லண்டன் போய்த் திரும்பி வந்திருக்கு.

"இது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது" என்று சொல்பவர்களுக்கு: இந்தியாவில் 1909-ல் பெங்களூரில் தொடங்கியபோது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் மட்டும்தான் இடம். நம்ம பிள்ளைகளைச் சேர்க்கலை. அதனால்தான் அன்னி பெசன்ட் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்குத் தனியாக ஆரம்பித்தார். வடக்கே மதன் மோகன் மாளவியாவும் குன்ஸ்ருவும் சேவா சமிதி மூலம் நடத்தினார்கள். எல்லாம் சேர்ந்து 1950 நவம்பர் 7-ல் பாரத சாரணர் ஆனது. அடுத்த வருஷம் சாரணியரும் சேர்ந்தார்கள். சண்டை போட்டு வாங்கிய இடம். அதைத்தான் நாம சர்டிபிகேட் கவுன்ட்டராக வைத்திருக்கிறோம்.

கடவுள் பேரில் உறுதிமொழி எடுக்கிறாங்களாமே என்று ஒருத்தர் உள்பெட்டியில் கேட்டார். மதம் எதுவும் சொல்லித்தருவது இல்லை. எந்தக் கடவுள் என்று யாரும் கேட்பதும் இல்லை. கோவில் பிள்ளை, மாதா கோவில் பிள்ளை, பள்ளிவாசல் பிள்ளை மூன்றும் ஒரே ஆறில் நிற்கும். வில்லியனூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

படிப்பு கெடுமா? வாரத்தில் ஒரு நாள், ஒன்றிரண்டு மணி நேரம். இதில் கெடும் படிப்பு ஏற்கனவே கெட்டுப்போனது.

நீண்ட காலப் பலன் பற்றி ஒரு ஆய்வு உண்டு. வாட்ஸ்அப்பில் அதை ஊதிப் பெரிதாக்கி அனுப்புகிறார்கள், அதனால் சரியாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 1958-ல் பிறந்த சுமார் பத்தாயிரம் பேரை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், சின்ன வயசில் சாரணர், சாரணியரில் இருந்தவர்களுக்கு ஐம்பது வயசில் மனப்பதற்றம், மனச்சோர்வு போன்றவை இருக்கும் வாய்ப்பு சுமார் 15 சதவீதம் குறைவு. 2016-ல் வெளியானது. இது தொடர்பைத்தான் காட்டுது. சாரணரில் சேர்ந்ததால்தான் குறைந்தது என்று இதை வைத்துச் சத்தியம் பண்ண முடியாது. ஆனா ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடையே இருக்கும் மனநல இடைவெளி அங்கே குறைவாகத் தெரிந்தது. அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. டவுனில் நீச்சல் குளம், கராத்தே, கீபோர்டு என்று காசு கட்டி வாங்கும் ஒன்றை, பாகூரில் கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு அரசுப் பள்ளி மைதானம் கொடுக்க முடியும்.

இப்போ அந்தப் பக்கத்தையும் பேசணும். இல்லைன்னா நான் விளம்பரம் பண்ற மாதிரி ஆகிடும்.

சாரணர் என்ற பெயரில் நடக்கிறதெல்லாம் சாரணர் இல்லை. வி.ஐ.பி. வந்தால் ஸ்கார்ஃப் கட்டி வெயிலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நிறுத்துவது சாரணர் பயிற்சி இல்லை. அப்படி நின்று மயங்கி விழுந்த பிள்ளைக்கு நான் டிரிப் போட்டிருக்கிறேன். ஆறு வயசுக் குழந்தையைப் பூங்கொத்தோடு நிறுத்தினால் "எங்க பிள்ளை போட்டோவுல வருது" என்று சந்தோஷப்படாதீங்க. தண்ணி கொடுத்தீங்களா, நிழல் இருந்ததா, அன்னைக்கு என்ன கத்துக்கிட்டாங்கன்னு கேளுங்க.

அதை விடப் பெரிய விஷயம். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி. முகாம் நடத்திப் பெண் பிள்ளைகளிடம் பாலியல் கொடுமை நடந்தது ஞாபகம் இருக்கா? சீருடை போட்டு ஒருத்தன் வந்தான். முகாம் என்றான். யாரும் அடையாளச் சான்று கேட்கவில்லை. அமெரிக்காவிலோ அது போலி அமைப்புகூட இல்லை. அந்த நாட்டின் பெரிய, அசல் சாரணர் அமைப்பே இப்படிப்பட்ட வழக்குகள் குவிந்து 2020-ல் திவால் மனு போட்டது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சின்ன வயசில் தங்களுக்கு நடந்ததைச் சொல்லி முறையிட்டார்கள். பேர் பெரியது என்பதால் எந்த இடமும் தானாகப் பத்திரமாகிவிடாது.

அதனால் சேர்க்கும் முன் வெட்கப்படாம கேளுங்க. இந்தப் படை பாரத சாரண சாரணியர் அமைப்பில் பதிவு ஆகியிருக்கா, கடிதத்தைக் காட்டுங்க. நடத்துபவர் அந்தப் பிரிவுக்கான பயிற்சி முடித்தவரா? பெரிய பசங்களுக்கான பயிற்சி வேற, குருளையருக்கான பயிற்சி வேற. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருப்பாங்களா? பெண் பிள்ளைகள் இருந்தா பெண் ஆசிரியர் கட்டாயம். பூட்டிய அறை, தனிச் செல்பேசிப் பேச்சு, ரகசியம் எதுவும் கூடாது. எந்தக் கூட்டத்துக்கும் நாங்க சொல்லாம வந்து ஓரமா உட்காரலாமா? இதுக்கு "அதெல்லாம் முடியாதுங்க" என்று பதில் வந்தா பிள்ளையைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடுங்க. சந்தேகம் இருந்தா 1098-க்குப் போன் பண்ணுங்க. இப்படிக் கேட்டா நல்ல ஆசிரியர் கோபப்பட மாட்டார்.

"எங்க பள்ளியில் குருளையர் படையே இல்லையே டாக்டர்." பல இடங்களில் இல்லைதான், அல்லது பதிவேட்டில் மட்டும் இருக்கும். ஏன் இல்லை? யாரும் கேட்கவில்லை. ஸ்மார்ட் கிளாஸ் கேட்டீங்க, கிடைச்சுது. சி.பி.எஸ்.இ. கேட்டீங்க, அரசுப் பள்ளிக்கே வந்துடுச்சு. பெற்றோர் கூட்டத்தில் பத்து அம்மாக்கள் எழுந்து "ஒண்ணாவது, ரெண்டாவது பிள்ளைங்களுக்குக் கப், புல்புல் ஆரம்பிங்க" என்று மனு கொடுத்தா, தலைமையாசிரியர் மாநில அமைப்புக்கு எழுதத்தான் வேணும். பயிற்சிக்குப் போக ஆசிரியர் யாரும் இல்லைன்னு சொல்வாங்க, வேலைப் பளு அவங்களுக்கும் இருக்கு. அப்போ பெற்றோரில் ஒருத்தர் பயிற்சி எடுத்து உதவிக்கு வரமுடியுமான்னு கேளுங்க. டிகிரி முடிச்சுட்டு வீட்டில் இருக்கும் அம்மாக்கள் எத்தனை பேர் நம்ம ஊர்ல இருக்கீங்க.

அது வரைக்கும் வீட்டில் காசில்லாமல் ஒண்ணு செய்யலாம். குருளையர் விளையாடுவதுதான், கிம் விளையாட்டு என்று பெயர். தாம்பாளத்தில் பத்துப் பொருள் வையுங்க: கிராம்பு, சாவி, ஊக்கு, பூண்டு, வேப்பிலை, ஐந்து ரூபாய் நாணயம், எது கிடைக்குதோ அது. ஒரு நிமிஷம் பார்க்க விட்டுத் துண்டால் மூடிடுங்க. என்னென்ன இருந்ததுன்னு சொல்லச் சொல்லுங்க. மூணு வயசுக்கு நாலு பொருள் போதும். (கிராம்பு, காசு, பட்டன் பேட்டரி எதையும் மூணு வயசுக்குக் கீழே கையில் கொடுக்காதீங்க. தொண்டையில் சிக்கி அவசரமாக வரும் கேஸ் நிறைய. பட்டன் பேட்டரி எந்த வயசுக்குமே வேண்டாம்.) அப்புறம் பிள்ளையை உங்களுக்கு வைக்கச் சொல்லுங்க. நீங்க தோற்பீங்க, அது சிரிக்கும்.

இன்னொண்ணும் சொல்லிக் கொடுங்க. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்ம பக்கத்தில் கரை கடந்தப்போ ஒரே நாளில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இரண்டு நாள் கழித்துச் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர் பக்கத்து ஊர்களுக்குள்ளே புகுந்தது. முகாமுக்கு வந்த பிள்ளைகளில் ஆறு, ஏழு வயசுப் பிள்ளைகளிடம் அப்பா பேர் என்ன என்றால் "அப்பா" என்றன. எந்தத் தெரு என்றால் முழித்தன. ரைம்ஸ் மட்டும் கேட்டால் பன்னிரண்டு சொல்லும். அப்பா அம்மா முழுப் பேர், ஊர், ஒரு போன் நம்பர், 112. இவ்வளவுதான். நாலரை வயசில் பாட்டு மாதிரி சொல்லித்தரலாம். இதுவும் குருளையர் பாடம்தான்.

மைதானத்தில் கூடினால் முட்டி சிராய்க்கும். கொசு கடிக்கும். மழைக்காலத்தில் சளி பிடிக்கும். அதுக்கெல்லாம் நாங்க இருக்கோம். சோப்புத் தண்ணி போட்டுக் கழுவிட்டு வாங்க, காபிப் பொடி, மஞ்சள் அப்பிக்கிட்டு வராதீங்க. டெட்டனஸ் தடுப்பூசி அட்டையை மட்டும் எடுத்துட்டு வாங்க.

வில்லியனூர், பாகூர் கொம்யூனில் எந்தப் பள்ளியில் குருளையர், நீலப்பறவையர் படை புதுசாகத் தொடங்கினாலும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் முதலுதவி வகுப்பு எடுக்க நான் வரேன். காசு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கூப்பிடுங்க, மத்த நாள் ஓ.பி. இருக்கு. பள்ளிப் பேரையும் தலைமையாசிரியரிடம் மனு கொடுத்த தேதியையும் கீழே போடுங்க. "சூப்பர் டாக்டர்" என்று மட்டும் போட்டுட்டுப் போகாதீங்க.